உலர்சலவையின் பெர்க்: ஆபத்து பட்டுப்புடவையிலா, கடையிலா, கிணற்றிலா?

மயிலைவாசி எழுதியது:

எங்கள் வீட்டுப் பட்டுப்புடவைகளையும் ஒரு கம்பளிக் கோட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை உலர்சலவைக்குக் கொடுப்பது வழக்கம். திரும்பி வரும் துணிகளைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் அடுக்கிவிடுவோம். இம்முறை கோட்டிலிருந்து மட்டும் குளோரோபார்மை ஒத்த ஓர் இனிப்பு வாடை சில நாட்களாகப் போகாமல் நிற்கிறது. உலர்சலவைக்குப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீனைப் பத்தாண்டுக் கெடுவுக்குள் கைவிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் விதி வெளியிட்டதாகப் படித்தேன். அவ்வளவு கொடியது என்றால் அந்தக் கோட்டை நான் உடுத்தலாமா? அது கொடியதில்லை என்றால் ஏன் தடை? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிமவேதி எழுதியது:

தடை பற்றிப் பேசுவதற்கு முன், இந்தப் பொருள் ஏன் இத்தனை காலம் அரசாண்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் தடையும் புரியாது. பாடநூலில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்றும் சலவைத் தொழிலில் பெர்க் என்றும் வழங்கும் இந்தத் திரவத்தின் மூலக்கூறில், இரட்டைப் பிணைப்பால் கோத்த இரண்டு கரி அணுக்களும் அவற்றைச் சுற்றி நான்கு குளோரின் அணுக்களும் மட்டுமே உள்ளன; ஹைட்ரஜன் அறவே இல்லை. எனவே அது தீப்பற்றுவதில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 1.62 கிலோ எடை உடையது. 121 டிகிரி செல்சியசில் கொதிக்கும். எண்ணெய், நெய், மெழுகு, தார் ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கரைக்கும். கரைக்கும் வலிமையை அளக்க வேதியியலாளர்கள் பயன்படுத்தும் கவுரி பியூட்டனால் அளவுகோலில் பெர்க்குக்கு 90 என்ற மதிப்பும், பெட்ரோலிய வகைக் கரைப்பான்களுக்கு 30-ஐ ஒட்டிய மதிப்பும் கிடைக்கின்றன.

பட்டும் கம்பளியும் புரத இழைகள். தண்ணீர் அந்த இழைக்குள் புகுந்து அதை உப்பச் செய்கிறது. அதனால் துணி சுருங்குகிறது, சாயம் இடம்பெயர்கிறது. பெர்க் இழையை உப்பச் செய்யாமல் அதன் மேல் ஒட்டிய பிசுக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. அதனால்தான் சரிகையும் மடிப்பும் கலையாமல் புடவை திரும்பி வருகிறது. வியர்வை உப்பு, தேநீர், பழச்சாறு போன்ற நீரில் கரையும் கறைகளிடம் மட்டும் அதற்கு வேலை ஆகாது. அவற்றுக்காகக் கரைப்பானோடு சிறிதளவு சோப்பும் நீரும் சேர்க்கிறார்கள்.

வரலாற்றில் ஒரு விந்தையான பொருத்தம் உண்டு. மைக்கேல் பாரடே இந்தப் பொருளை முதன்முதலாகத் தயாரித்து அறிவித்தது 1821-ஆம் ஆண்டில். அதே 1821-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூயார்க் நகரின் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ், துணிகளை உலர்முறையில் சுத்தம் செய்யும் தமது வழிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1836-இல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்ததில் அந்த ஆவணம் சாம்பலாயிற்று; அவர் எதைக் கொண்டு துணியைச் சுத்தம் செய்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாரடேயின் திரவமும் ஜென்னிங்சின் தொழிலும் ஒன்றையொன்று சந்திக்க நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் டர்பன்டைன், பென்சீன், பெட்ரோல் என்று எரியும் பொருள்களைக் கொண்டு வேலை பார்த்து, கடைகள் எரிவதும் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரிப்பதும் வாடிக்கையாக இருந்தன. அட்லாண்டாவைச் சேர்ந்த ஸ்டாடர்ட் என்ற சலவைத் தொழிலதிபரின் முயற்சியால் 1920-களில், எளிதில் தீப்பற்றாத பெட்ரோலியக் கரைப்பான் ஒன்று தரப்படுத்தப்பட்டது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அடுத்து வந்த கார்பன் டெட்ராகுளோரைடு எரியாது. ஆனால் கல்லீரலைக் கெடுத்தது. 1930-களில் அமெரிக்கச் சலவைக்கடைகளில் நுழைந்த பெர்க், இவ்விரண்டு குறைகளுக்கும் விடையாகவே வரவேற்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இதை யாரும் நஞ்சாகக் கருதவில்லை என்பதற்கு ஒரு சான்று: 1920-களின் நடுப்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள், வெப்ப நாடுகளில் கொக்கிப்புழுவுக்கு மருந்தாக இதையே வாய்வழியாகக் கொடுத்தார்கள்.

கோவை சலவைக்கடை எழுதியது:

கரிமவேதி ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொழில் செய்பவன் என்ற முறையில், கடைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி: நான் பார்த்தவரை, தெருவோரத்தில் டிரை கிளீனிங் என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் பலவற்றில் பெர்க் இயந்திரமே கிடையாது. அவர்கள் துணியை வாங்கிக் குறி போட்டு, மொத்தமாக வேலை எடுக்கும் பெரிய கடைக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் எம்.டி.ஓ. என்று நாங்கள் சொல்லும் மினரல் டர்பன்டைனிலோ வெள்ளைப் பெட்ரோலிலோ அலசி வெயிலில் காயவைப்பார்கள். மயிலைவாசி அவர்கள் சொல்லும் இனிப்பு வாடை பெர்க்குக்கு உரியது. மண்ணெண்ணெய் போன்ற வாடை அடித்தால் அது எம்.டி.ஓ. என்று பிரித்து அறியலாம்.

பெர்க் இயந்திரத்தில் துணி ஈரமாக வெளியே வரவே கூடாது. பைகளைத் துழாவிப் பேனா, உதட்டுச்சாயம், நாணயம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தனிக்கறைகளை ஸ்பாட்டிங் மேசையில் நீராவி கொடுத்து நீக்கிய பிறகு, நிறவாரியாகத் துணிகளை டிரம்முக்குள் போட்டுக் கதவைப் பூட்டுகிறோம். பெர்க் உள்ளே பாய்ந்து துணியை அலசி, பட்டன் டிராப் எனும் வலைக்கூடை வழியாக வெளியேறி, வடிகட்டிக்குள் சென்று திரும்புகிறது. பிறகு டிரம் வேகமாகச் சுழன்று திரவத்தைப் பிழிந்தெடுக்கும். அதன்பின் ஏறக்குறைய 60 டிகிரி வெப்பக்காற்று துணிக்குள் தங்கிய பெர்க்கை ஆவியாக்கும்; அந்த ஆவி குளிர்விப்பான் சுருளில் பட்டுத் திரவமாகி, நீர் பிரிப்பான் வழியாகத் தொட்டிக்கே திரும்பும். பெர்க் நீரைவிடக் கனமானது என்பதால் பிரிப்பானில் அது கீழேயும் தண்ணீர் மேலேயும் நிற்கும். அழுக்கேறிய பெர்க்கை ஸ்டில் எனும் வடிகலனில் கொதிக்கவைத்து வடித்தால் தெளிந்த பெர்க் மேலேறிப் போய்விடும். அடியில் எண்ணெயும் பஞ்சும் சாயமும் கலந்த கருஞ்சேறு தங்கும்.

இப்போது அந்தக் கோட்டின் வாடைக்கு வருகிறேன். முகூர்த்த மாதங்களில் வேலை மலைபோலக் குவியும்போது, உலர்த்தும் நேரத்தையும் அதன் பின்வரும் குளிர்விக்கும் நேரத்தையும் சில நிமிடங்கள் குறைத்துவிட்டால் நாளுக்கு ஒரு சுற்று கூடுதலாக ஓட்டலாம். அந்த ஆசைக்கு இடம்கொடுக்கும் கடைகளின் துணியில்தான் வாடை தங்குகிறது. மெல்லிய புடவை அந்தச் சிக்கனத்தைத் தாங்கிக்கொள்ளும். உள்துணியும் தோள்பட்டைத் திண்டும் வைத்துத் தைத்த கோட்டு தாங்காது. இது கரைப்பானின் குற்றம் என்பதைவிட அவசரத்தின் குற்றம்.

தொழில்நல மருத்துவர் எழுதியது:

மயிலைவாசி அவர்களின் முதல் கேள்விக்கு நேரான விடை உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே துணியைத் திரும்பத் திரும்ப உலர்சலவைக்குக் கொடுத்து, அதில் தங்கும் பெர்க்கை அளந்தார்கள். கம்பளி, பருத்தி, பாலியெஸ்டர் ஆகிய மூன்றும் கரைப்பானைத் தேக்கி வைத்தன; அடுத்தடுத்த சலவைகளில் தேக்கம் ஏறியது. பட்டு மட்டும் ஏறக்குறைய எதையும் தேக்கவில்லை. அந்த ஆய்வுக்கு வித்திட்டது ஒரு பள்ளி மாணவியின் கேள்வி என்பது கூடுதல் மகிழ்ச்சி. ஆக, உங்கள் புடவை வாடையின்றி இருப்பதும் கோட்டு வாடையோடு இருப்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே. கோட்டை உறையிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள மாடத்தில் வாடை அறவே போகும்வரை தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையோடு படுக்கையறைப் பீரோவில் வைப்பதும், கடையிலிருந்து கண்ணாடி ஏற்றிய காரில் குழந்தைகளோடு கொண்டுவருவதும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை உடுத்துபவருக்கு இதைவிடப் பெரிய கவலை தேவையில்லை.

கவலைப்பட வேண்டியவர் அந்தக் கோட்டைச் சலவை செய்தவர். பெர்க் உடலுக்குள் நுழையும் முதன்மையான வழி மூச்சு. நுழைந்ததில் பெரும்பகுதி மாற்றமின்றி மூச்சிலேயே வெளியேறினாலும், கொழுப்பில் கரைவது அதன் இயல்பு என்பதால் உடற்கொழுப்பில் தங்கியது வெளியேறப் பல நாட்கள் எடுக்கும். திங்கள் முதல் சனி வரை வேலை பார்ப்பவருக்கு முந்தைய நாளின் மிச்சம் தீருமுன்பே புதியது சேர்ந்துவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை உடனடி அறிகுறிகள். நீண்டகாலம் உழைத்தவர்களிடம் நிறங்களைப் பிரித்தறியும் திறன் மங்குவதையும், நினைவாற்றலும் கவனமும் குறைவதையும், சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் பாதிப்பு ஏற்படுவதையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் பெர்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்தது எனும் 2ஏ பிரிவில் சேர்த்தது; 2012-இல் மறு ஆய்வு செய்தபோதும் அங்கேயே வைத்தது. சலவைத் தொழிலாளர்களிடம் காணப்பட்ட சிறுநீர்ப்பைப் புற்றுநோயே அதற்கு முதன்மையான மனிதச் சான்று.

1977-இல் கனடாவின் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு ஒன்றை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த ஒரு பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. தந்தை தோலாடைகளைச் சுத்தம் செய்யும் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர். தாய் அன்றாடம் மதிய உணவு நேரத்தில் அங்கே சென்று அவரோடு இருந்துவிட்டு வருவார். தாய்ப்பாலைச் சோதித்தபோது அதில் பெர்க் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தியதும் குழந்தை தேறியது. தொழிற்கூடத்தில் வேலையே பார்க்காத ஒருவர், உணவு வேளை அளவுக்கு அங்கே இருந்ததற்கே இந்த விளைவு.

அமெரிக்காவில் சட்டப்படியான பணியிட உச்ச வரம்பு, எட்டு மணிநேரச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு பெர்க். அரசு சாராத் தொழில்நல வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பதோ 25 பங்கு மட்டுமே. மூக்கை நம்பி இதை அளக்க முடியாது: உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும்.

கோவை சலவைக்கடை எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கு மதிப்புக் கொடுத்தே மறுத்துச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் நான் கண்ணால் கண்ட விபத்துகள் எல்லாம் தீ விபத்துகள். அவை எல்லாம் வெள்ளைப் பெட்ரோல் கடைகளில் நடந்தவை. பெர்க் இயந்திரத்தின் முன்னால் வாழ்நாள் முழுவதும் நின்ற மூத்த ஊழியர்கள் திடமாக இருப்பதையும் பார்க்கிறேன். பெர்க் கெட்டது என்று செய்தி பரவினால், சிறிய கடைக்காரர் உடனே, தண்ணீரில் அலசும் ஈரச்சலவை இயந்திரம் வாங்கப் போவதில்லை. மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலுக்குத்தான் திரும்புவார். வாடிக்கையாளரும் விலையைத்தானே கேட்கிறார், கரைப்பானைக் கேட்பதில்லை.

தொழில்நல மருத்துவர் எழுதியது:

தீயைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மூத்த ஊழியர்கள் திடமாக இருப்பது சான்றாகாது; தலைவலி தாங்காதவரும் உடம்பு முடியாதவரும் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார்கள், தாங்கியவர் மட்டுமே உங்கள் கண்ணெதிரே மிஞ்சியிருப்பார். தொழில்நல ஆய்வுகளில் எச்சரிக்கையோடு கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஸ்டில்லின் கதவைத் திறந்து அந்தக் கருஞ்சேற்றை வழிப்பவர் யார், அப்போது முகத்தில் என்ன அணிகிறார் என்று உங்களை நான் கேட்க விரும்புகிறேன். நான் சென்று பார்த்த கூடங்களில் அந்த வேலை பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த இளைஞரின் தலையில்தான் விழுகிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, கையில் சமையலறை ரப்பர் உறை. துண்டு ஆவியைத் தடுக்காது. சாதாரண ரப்பர் உறைக்குள் பெர்க் விரைவாக ஊடுருவும். கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமும், பாலிவினைல் ஆல்கஹால் அல்லது விட்டான் வகைக் கையுறையும் வேண்டும்; ஸ்டில் முழுமையாக ஆறிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். அதே அறையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பெர்க் எரியாதுதான், ஆனால் அதன் ஆவி கனலில் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு, பாஸ்ஜீன் ஆகிய நச்சு வாயுக்கள் உண்டாகும்.

நிலத்தடி எழுதியது:

இதுவரை எல்லோரும் காற்றைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். நான் நிலத்தடி நீர்த்துறையில் பணியாற்றுபவன். பெர்க்கின் மீதான எனது வழக்கு வேறு.

எண்ணெய் சிந்தினால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், தேடி எடுக்கலாம். பெர்க் நீரைவிடக் கனமானது, அதில் மிகக் குறைவாகவே கரைவது, பிசுபிசுப்பும் இல்லாதது. எனவே தரையின் விரிசல் வழியாக இறங்கி, நீர்மட்டத்தையும் கடந்து, களிமண் படுகையோ பாறையோ தடுக்கும் ஆழம்வரை சென்று அங்கே குளம் கட்டி நிற்கும். பிறகு அந்தக் குளம் பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஓடும் நீரில் கலந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பெர்க் முழுவதும் கரைந்தால், ஏறத்தாழ 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணுக்குள் காற்றில்லாத சூழலில் நுண்ணுயிரிகள் அதன் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, இடையில் வினைல் குளோரைடு பிறக்கிறது. அது ஐயத்துக்கு இடமின்றி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது.

இதற்கு உலகறிந்த சான்று, அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளம். தளத்துக்கு வெளியே, சாலைக்கு அப்பால், 1950-களில் தொடங்கிய ஏபிசி ஒன் அவர் கிளீனர்ஸ் என்ற சலவைக்கடை தன் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் தொட்டியில் செலுத்தியது. ஸ்டில்லில் வழித்த கசடைக் கொண்டு கடைக்குப் பின்புறத்துக் குழிகளை நிரப்பியதும் பதிவாகியுள்ளது. அந்த நிலத்துக்கடியிலிருந்துதான் டராவா டெரஸ் குடியிருப்பின் கிணறுகள் நீர் எடுத்தன. 1985 பிப்ரவரியில் அங்கே குழாய்நீரில் அளந்த உச்ச அளவு லிட்டருக்கு 215 மைக்ரோகிராம். அதே மாதம் மிகவும் மாசுபட்ட கிணறுகள் மூடப்பட்டன. 1957-இன் இறுதியிலிருந்தே அந்த நீர் இன்றைய வரம்பைத் தாண்டியிருந்தது என்று அமெரிக்க அரசின் நச்சுப்பொருள் முகமை பின்னர் மாதிரிக் கணக்கீட்டில் கண்டது. தளத்தின் வேறு பகுதிகளில் வேறு கரைப்பான்களும் கலந்திருந்தன. பாதிக்கப்பட்ட படைவீரரும் குடும்பத்தாரும் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. கடையொன்றின் பின்கட்டில் நடந்ததற்குப் படைத்தளத்தின் ஒரு குடியிருப்பே பல பத்தாண்டுகள் விலை கொடுத்தது.

நீர் பிரிப்பானைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது அவர் எண்ணியதைவிட முக்கியமானது. மேலே நிற்கும் தண்ணீரைத் தெளிந்த நீர் என்று எண்ணிச் சாக்கடையில் விடுவதே எங்கும் வழக்கமாக இருந்தது. அது தெளிவாகத் தெரிந்தாலும் லிட்டருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மில்லிகிராம் பெர்க் அதில் கரைந்திருக்கக் கூடும். அதாவது குடிநீர் வரம்பைப் போலப் பல்லாயிரம் மடங்கு. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்குப் பகுதியில் கிணறுகள் கெட்டதை ஆராய்ந்த வட்டார நீர்த்தர வாரியம், சலவைக்கடைகளிலிருந்து சாக்கடைக்குப் போன நீர் குழாய்களின் இணைப்புகள் வழியாகக் கசிந்ததையே பெருங்காரணமாக 1992-இல் சுட்டிக்காட்டியது. அந்த மாநிலம் பின்னர் 2008 முதல் புதிய பெர்க் இயந்திரங்களுக்கு அனுமதி மறுத்து, 2023 ஜனவரியோடு எஞ்சியவற்றையும் ஓயச் செய்தது.

பாரிஸ் புறநகர் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிரான்சில் சலவைக்கடையொன்றின் இஸ்திரிப் பகுதியில் வேலை செய்கின்றேன். இங்கே 2012 டிசம்பரில் வெளியான ஆணைப்படி, வீடுகளையோ பிறர் புழங்கும் இடங்களையோ ஒட்டியுள்ள கட்டடங்களில் பெர்க் இயந்திரங்கள் படிப்படியாக அகற்றப்பட்டு, 2022 தொடக்கத்துக்குள் முற்றாக நீங்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. பாரிசில் மேல்மாடியில் குடியிருப்பு இல்லாத கடை என்று ஒன்றைக் காண்பது அரிது என்பதால், நடைமுறையில் நகருக்குள் அது முழுத்தடையாகவே ஆயிற்று. அமெரிக்காவிலும் குடியிருப்புக் கட்டடங்களுக்குள் இருந்த பெர்க் இயந்திரங்களுக்கு 2020 டிசம்பரே இறுதிக்கெடு.

எங்கள் கடை ஈரச்சலவைக்கு மாறியது. கணினி கட்டுப்படுத்தும் இயந்திரத்தில், மிகக் குறைந்த அசைவோடும் தனிவகைச் சோப்போடும் கம்பளியைக்கூடத் தண்ணீரில் அலசுகிறார்கள். தலையிடி இல்லை, வாடை இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பெர்க்கில் போட்ட கோட்டு பாதி அயன் பண்ணியது போலவே வெளியே வரும். தண்ணீரில் போட்டது கசங்கிச் சுருங்கி வரும். அதை உடல் வடிவிலான இழுவைப் பொம்மையில் மாட்டி, நீராவி ஏற்றி, இழுத்து, பழைய அளவுக்குக் கொண்டுவருவது முழுவதும் எங்கள் கையால் ஆகிற வேலை. நெஞ்சில் இருந்த பாரம் தோளுக்கு மாறியிருக்கின்றது என்றுதான் நான் சொல்வேன். கூலி அதற்கேற்ப மாறவில்லை. இதையும் தடை பற்றிய கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கரிமவேதி எழுதியது:

பாரிஸ் நண்பர் சொன்னது மாற்றுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி. மாற்றுகளை அவசரத்தில் தேடியதன் விளைவை நானும் ஒன்று சொல்கிறேன். பெர்க் மீதான கெடுபிடி இறுகியபோது, பழைய இயந்திரத்திலேயே சிறு மாற்றத்தோடு ஓட்டலாம் என்ற கவர்ச்சியோடு என்-புரோப்பைல் புரோமைடு சந்தைக்கு வந்தது. 2008-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், அந்தக் கரைப்பானால் நரம்புப் பாதிப்புக்கு ஆளான இரண்டு தொழிலாளர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் நியூஜெர்சியின் சலவைக்கடைக்காரர். பெர்க்கை விட்டோடியவர் அதைவிடக் கடுமையான ஒன்றின் கையில் சிக்கிய கதை அது.

டி5 எனும் சிலிக்கோன் வகைத் திரவம் துணிக்கு மென்மையானது. ஆனால் சுற்றுச்சூழலில் எளிதில் அழியாதது என்று கண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதற்கும் கட்டுப்பாடு விதித்தது. திரவநிலைக் கார்பன் டையாக்சைடு தூய்மையானது. ஆனால் சுமார் 50 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் கலன் வேண்டும் என்பதால் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. நல்ல முறையில் வடித்த ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் பெர்க்கைவிட நச்சுத்தன்மை குறைந்தவை. மூடிய இயந்திரமும் தீத்தடுப்பு ஏற்பாடும் இருந்தால் இன்றைக்கு நடைமுறைக்கு ஏற்றவை என்பது என் மதிப்பீடு. திறந்த தொட்டியில் வெள்ளைப் பெட்ரோல் என்பதை இந்த வரிசையிலேயே நான் சேர்க்கமாட்டேன்.

கோவை சலவைக்கடை எழுதியது:

ஈரச்சலவையைப் பற்றி ஒரு தடை சொல்லியாக வேண்டும். கோட்டைத் தண்ணீரில் போட்டு இழுத்துச் சரிசெய்துவிடலாம். கோர்வைப் புடவையை என்ன செய்வது? அரக்கு உடலும் பச்சைக் கரையும் தனித்தனியே சாயமேற்றி இணைத்து நெய்த புடவையில், தண்ணீர் பட்ட இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறிவிட்டால் எந்தப் பொம்மையில் மாட்டியும் திருப்ப முடியாது. கல்யாணப் புடவையைக் கொடுத்தவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பட்டுக்கு ஹைட்ரோகார்பன் என்றால் ஏற்கிறேன். ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும் வைத்த புடவைகளைப் பெர்க்கில் போட்டால் மணி இளகிக் கரைந்துவிடும் என்பதால், அவற்றுக்கு ஏற்கெனவே நான் எம்.டி.ஓ.வைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஸ்டில் வழிப்பது பற்றிய மருத்துவரின் கேள்விக்கு விடை: எங்கள் கடையில் அதை இனி முறை போட்டுச் செய்வோம், நானும் அந்த முறையில் உண்டு, முகக்கவசத்துக்குச் சொல்லியிருக்கிறேன். கழிவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கரைப்பான் வடித்த கசடு அபாயக் கழிவு என்பது எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பொது நிலையத்துக்கு அனுப்பும் வழியும் தெரியும். ஆனால் ஒரு சிறிய கடையில் மாதத்துக்குச் சேர்வது ஒன்றிரண்டு வாளி. அதற்காக உரிமம் பெற்ற வண்டி கோவைவரை வராது. ஊரில் பெர்க் வைத்திருக்கும் கடைகள் ஒன்றுசேர்ந்து, மூடிய பீப்பாயில் சேர்த்து, ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு கட்டுப்படும். எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். பிரிப்பான் நீரைப் பற்றி நிலத்தடி அவர்கள் எழுதியதையும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். அந்தக் கணக்கு எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

மயிலைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோட்டை மாடியில் தொங்கவிட்டாயிற்று. இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது: எங்கள் தெருவிலேயே சலவை ஆலை ஒன்று நெடுங்காலமாக இயங்குகிறது, எங்கள் அடுக்ககம் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறது. ஆண்டுதோறும் நாங்கள் எடுக்கும் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் எல்லாம் சரி என்றே வருகிறது. அது போதுமா? தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போய்விடுமா?

நிலத்தடி எழுதியது:

போதாது. வழக்கமான பரிசோதனை உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட்டு, கிருமி ஆகியவற்றைப் பார்ப்பது. பெர்க் அதில் இடம்பெறுவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான வாயு நிறப்பிரிகைச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். பெர்க், அது மண்ணுக்குள் சிதையும்போது பிறக்கும் டிரைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு மூன்றின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவைக் காட்டக்கூடிய கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால், ஆய்வகம் சேருமுன் பெர்க் ஆவியாகிவிடும். அறிக்கையில் சுழியம் வரும். நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆய்வகமே தரும் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றின் மூடிக்குள் டெப்லான் பூசிய தகடு இருக்கும். மேல்தொட்டி நீர் வேண்டாம். தொட்டியில் ஏறி விழும்போதே ஒரு பகுதி காற்றோடு போயிருக்கும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கிணற்றுக் குழாயிலிருந்து நேராக, மெல்லிய தாரையாக, நுரைக்காமல் விளிம்பு தளும்பும்வரை நிரப்புங்கள். மூடியபின் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் மறுபடி எடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படைத்துவிடுங்கள்.

கொதிக்கவைத்தால் பெர்க் தண்ணீரைவிட்டு நீங்கி உங்கள் சமையலறைக் காற்றில் சேரும்; அது தீர்வாகாது. இருப்பது உறுதியானால், கரித்தூள் வடிகட்டி அதைப் பிடித்துவைக்கும். ஆனால் கரியைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டும், குளியலறை நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதலில் அறிக்கை வரட்டும். எண்ணை இங்கே எழுதுங்கள். கிணற்றின் ஆழத்தையும், ஆலை உங்கள் கட்டடத்துக்கு எந்தத் திசையில் உள்ளது என்பதையும் சேர்த்து எழுதினால், நீரோட்டம் எப்பக்கம் இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.